வருமுன் காக்கும் மானியம்

ஓர் ஊரில் அரசாங்கம் மருத்துவமனை கட்டினால் அதனை எல்லோரும் கண்ணாரக் காண்கின்றனர். திறப்பு விழா நடைபெறுகின்றது. கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. அதே பணத்தை ஊரார் நோயுறாதிருப்பதற்காகச் செலவிட்டால் காண்பதற்கு என்ன இருக்கின்றது? நோய் வராத மனிதன் தனக்கு நோய் வரவிருந்தது என்பதையே அறியான். வராத நோய்க்கு நன்றி கூறுவார் எவரும் இலர். ஆதலால்தான் நோய்த் தடுப்புக்கு மானியம் வழங்க எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் எளிதில் மனம் வருவதில்லை.

நீரிழிவையும், அதன் பின்னே நிழல்போல் வரும் இருதய நோயையும் தடுப்பதற்கென்றே சமுதாயங்களின் கையில் பணத்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு நாட்டைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். நாடு, அமெரிக்க ஐக்கிய நாடுகள். பணம் பெற்றவர்கள் அந்நாட்டின் முதுகுடி மக்கள். கொலம்பஸ் இடம் தவறி இட்ட பெயரால் இன்றளவும் சட்டப் புத்தகங்களில் 'இந்தியர்' என்றே குறிக்கப்படுபவர்கள்.

அவர்களுள் ஒரு குலத்தாரின் வரலாற்றை முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா என்னும் வறண்ட மாநிலம் உள்ளது. அங்கே கீலா என்னும் ஆற்றங்கரையில் வாழும் மக்களைப் பிமா என்று பிறர் அழைக்கின்றனர். தங்கள் மொழியில் அவர்கள் தம்மை 'ஆற்று மக்கள்' என்றே கூறிக்கொள்கின்றனர். அவர்கள் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிப் பாசனம் செய்த உழவர்கள். சோளமும் பூசணியும், பாலைவெயிலைத் தாங்கி வளரும் டெப்பரி என்னும் அவரையினமும் அவர்தம் உணவு. மெஸ்கீட் என்னும் முள்மரத்தின் நெற்றுகளை இடித்து மாவாக்கி உண்டனர். அந்த மரம் நம் நாட்டுப் புறம்போக்குகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு! 1849இல் கலிபோர்னியாவின் தங்கத்தைத் தேடி ஓடிய ஆயிரக்கணக்கானோர் பாலைவனத்தில் பசியாறியது இம்மக்கள் விற்ற கோதுமையால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்மடையில் வெள்ளையர் குடியேறினர். தம் வயல்களுக்கு ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டனர். கீழ்மடைக்காரனின் நிலை என்னவாகும் என்பதைத் தமிழ்நாட்டு மாணவருக்கு விளக்க வேண்டுவதில்லை. கால்வாய்கள் காய்ந்தன, வயல்கள் தரிசாயின, பஞ்சம் வந்தது. நாளடைவில் அரசாங்கம் உணவுப்பொருள் வழங்கியது. வெள்ளை மாவு, சர்க்கரை, லார்டு என்னும் பன்றிக் கொழுப்பு: இவையே அதில் முதலிடம் பெற்றன. ஏரைப் பிடித்த கைக்கு வேலையில்லை. வயிற்றுக்கோ மாவும் கொழுப்பும். உழைப்பும் உணவும் ஒருசேர மாறிய இம்மாற்றம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1963இல் சில மருத்துவ ஆய்வாளர்கள் அங்கே சென்றனர். அவர்கள் தேடிச் சென்றது மூட்டுவாதத்தை, கண்டதோ நீரிழிவை. பீட்டர் பென்னட் முதலியோர் 1965இல் தொடங்கிய தொடராய்வு பல பத்தாண்டுகள் நடைபெற்றது. வயதுவந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் நீரிழிவாளர் என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் சென்றபின் இரத்தத்தைச் சோதிக்கும் முறை உலகெங்கும் உள்ளது. நோய் எனக் கொள்ளும் அளவை அங்கே வகுப்பதற்கு இம்மக்கள் தந்த இரத்தமே பெருந்துணை புரிந்தது. உலக மருத்துவம் அவர்களுக்குப் பட்ட கடன் சிறிதன்று.

பிறவியிலேயே அவர்கள் உடல் அப்படித்தான் என்று சிலர் கூறினர். குருதி வழியும் ஓரளவு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைச்சிற்றூர்களில் இவர்தம் தாயாதிகளான பிமாக்கள் பழைய முறையிலேயே உழுது உண்டு வாழ்ந்துவந்தனர். 2006இல் வெளியான ஓர் ஆய்வு இருசாராரையும் ஒப்பிட்டது. அமெரிக்கப் பிமாக்களுள் நூற்றுக்கு 38 பேர் நீரிழிவாளர். மெக்சிகோப் பிமாக்களுள் நூற்றுக்கு 7 பேருக்கும் சற்றுக் குறைவு. குருதி ஒன்று, வாழ்க்கை வேறு. நோயும் வேறாயிற்று.

வாழ்க்கை மாறியதால் வந்த நோயை, வாழ்க்கையை மாற்றித் தடுக்கலாகாதா? இதனை அறிய அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு பெரியதொரு சோதனை நடைபெற்றது. இரத்தத்தில் சர்க்கரை இயல்பைவிட மிகுந்து, நீரிழிவின் எல்லையைத் தொடாமல் நிற்கும் நிலை ஒன்று உண்டு. அந்நிலையில் இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தனர். ஒரு பிரிவினருக்குப் பதினாறு பாடங்கள் கற்பித்தனர். உடலெடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்தல், வாரத்துக்கு 150 நிமிடம் நடத்தல் ஆகியவை அவர்களுக்கு வைத்த இலக்கு. 2002இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவில் நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெட்பார்மின் என்னும் மாத்திரை உண்டவர்களிடம் குறைந்தது 31 பங்கே. மருந்தைக் கால்நடை வென்றது!

சென்னையிலும் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இத்தகைய சோதனை செய்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரை பெறாத பிரிவில் மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆயினர்; உணவையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்ட பிரிவில் 39 பேர். நம்மவருக்கு நோய் விரைந்து வருகின்றது என்பதும், தடுப்பின் பயன் சற்றுக் குறைவு என்பதும் இதனால் அறியக் கிடக்கின்றன. எனினும் நூறு பேரில் பதினாறு பேரைக் காப்பது அற்பமான செயலா?

ஆனால் சோதனை வேறு, ஊர் வேறு. சோதனையில் சேர்பவர்களுக்குத் தனி ஆலோசகர் உண்டு. தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார் உண்டு. காய்கறிக் கடைக்குப் பல மைல் செல்லவேண்டிய ஒரு சிற்றூரில், வேலையின்றியும் வறுமையிலும் வாழும் மக்களிடம் இதனை யார் கொண்டு செல்வது? இங்கேதான் மானியத்தின் கதை தொடங்குகின்றது.

அமெரிக்க நாடாளுமன்றமாகிய காங்கிரஸ் 1997இல் இம்முதுகுடி மக்களுக்கென ஒரு தனி நீரிழிவுத் திட்டத்தைச் சட்டமாக்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 கோடி டாலர். 2001இல் 10 கோடி. 2004இல் 15 கோடி. நிலத்தை விட்டுக்கொடுத்த குலங்களுக்கு உடல்நலம் பேணித் தருவதாக அந்நாட்டு அரசாங்கம் பழைய ஒப்பந்தங்களிலேயே வாக்களித்திருந்தது. ஆகவே இதனைக் கொடை என்பதைவிடக் கடனடைத்தல் என்பதே பொருந்தும்.

பணம் சென்ற வழி கருதத்தக்கது. குலத்தலைவர்களைக் கொண்ட ஒரு குழு, பணத்தைப் பங்கிடும் முறைபற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறியது. ஏறக்குறைய 300 அமைப்புகள், 35 மாநிலங்களில், மானியம் பெற்றன. நோக்கமும் கணக்கும் பொது. வழி அவரவர்க்கு உரியது. ஓரூரார் உடற்பயிற்சிக் கூடம் அமைத்தனர். ஓரூரார் நடைபாதை போட்டனர். வேறோர் ஊரார் பழைய பயிர்களைத் தோட்டங்களில் மீண்டும் விளைவித்தனர். உணவியல் அறிந்தவரையும், கால் புண்ணைக் கவனிக்கும் செவிலியரையும் நியமித்தோர் பலர். ஆனால் செய்ததை அளந்து காட்டவேண்டும் என்பது விதி. இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எத்தனை பேருக்குக் கண் சோதிக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கவேண்டும். சுதந்திரமும் கணக்கும் ஒருங்கே அமைந்த இந்த ஏற்பாடே திட்டத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. தலைநகரிலிருந்து ஒரே வார்ப்பில் செய்து அனுப்பிய திட்டமாயிருந்தால் பாதி ஊர்களில் அது பெட்டியைவிட்டு வெளிவந்திராது.

2004இல் கூடுதலாக வந்த பணத்தில் இரண்டு தனி முயற்சிகள் தொடங்கின. முன்கூறிய பதினாறு பாடங்களை 36 அமைப்புகள் தத்தம் மக்களுக்கு ஏற்பக் கற்பித்தன. வேறு 30 அமைப்புகள் இருதயப் பணியை மேற்கொண்டன. நீரிழிவாளர்களுள் பெரும்பாலோர் உயிரை வாங்குவது இருதய நோயே. ஆதலால் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் மூன்றையும் அடக்குவதே அவர்கள் குறிக்கோள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பல குலங்களில் புகையிலை வழிபாட்டுக்குரிய புனிதப் பொருள். 'புகையிலை தீது' என்று மொட்டையாகக் கூறினால் யார் கேட்பார்? ஆகவே சடங்குக்குரிய புகையிலை வேறு, கடையில் விற்கும் சிகரெட் வேறு என்று அவர்களே பிரித்துக் கூறினர். வெளியூர் மருத்துவர் எவருக்கும் இந்தச் சொல் தோன்றியிராது.

பயன் என்ன? பதினாறு வகுப்புகளுக்கும் வந்தவர்களிடம் நீரிழிவு தோன்றிய வேகம், இடையில் நின்றவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவு. இடையில் நில்லாதவர் இயல்பிலேயே ஊக்கம் மிக்கவர்களாக இருக்கலாம். ஆதலால் முழுப் பெருமையையும் வகுப்புக்கே தருவது முறையாகாது. ஆயினும் மற்றொரு கணக்கு உண்டு. நீரிழிவால் சிறுநீரகம் செயலிழத்தல் என்பது வாரம் மும்முறை இயந்திரத்தோடு உடலைப் பிணைக்கும் கொடுமை. 1996இல் இம்மக்களுள் வயதுவந்தோர் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 57 பேர் ஆண்டுதோறும் அதற்கு ஆளாயினர். 2013இல் அவ்வெண்ணிக்கை 27க்குள் அடங்கிற்று. பாதிக்கும் மேற்பட்ட இவ்வீழ்ச்சி, நடையால் மட்டும் நேர்ந்ததன்று. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளைப் பெற்ற நோயாளிகள் ஐந்தே ஆண்டுகளில் நூற்றுக்கு 42 பேரிலிருந்து 74 பேராயினர். மருந்து, நடை, உணவு, வீடுதேடி வரும் செவிலியர் ஆகிய அனைத்தும் சேர்ந்த பலன் இது. சிறுநீரக நோயில் மட்டும் பத்தாண்டுகளில் அரசாங்கத்துக்கு மிஞ்சிய செலவு 52 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று 2019இல் அரசாங்க அறிக்கை ஒன்று மதிப்பிட்டது.

இனி, வருந்தத்தக்கதையும் கூறவேண்டும். நீரிழிவாளரின் தொகை அப்படியொன்றும் சரிந்துவிடவில்லை. 2013இல் வயதுவந்தோருள் நூற்றுக்கு 15.4 ஆக இருந்தது 2017இல் 14.6 ஆயிற்று, அவ்வளவே. ஏறிக்கொண்டே சென்ற எண் நின்று, சற்று இறங்கியதே பெரிது என்று அறிந்தோர் மகிழ்ந்தனர். ஆனால் காங்கிரஸ் தந்த தொகை 2004 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் 15 கோடி டாலராகவே நின்றது. விலைவாசி நிற்கவில்லை. அதனினும் கொடியது, சட்டத்தின் ஆயுள். பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு என்றே அது புதுப்பிக்கப்பட்டது. 2019, 2020ஆம் ஆண்டுகளில் சில மாதங்கள், சில வாரங்கள் என்றுகூட நீட்டிக்கப்பட்டது. அடுத்த மாதச் சம்பளம் உறுதியில்லாத செவிலியர் தொலைவிலுள்ள சிற்றூரில் எப்படித் தங்குவார்? பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இன்று கற்பிக்கும் பாடம் அவனது நாற்பதாம் வயதில் பயன் தருவது. அதற்குரிய பணத்தை மூன்று மாதத் தவணையில் கொடுப்பது, தென்னையை நட்டுவிட்டு மறுவாரம் இளநீர் கேட்பதற்கு ஒப்பாகும்.

சிறுவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. முதுகுடி மக்களுக்குரிய எட்டுக் கல்லூரிகள் அரசாங்கத்தின் மருத்துவ அமைப்புகளோடு கூடி, மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீரிழிவுப் பாடங்களை இயற்றின. 2008இல் அவை வெளிவந்தன. இன்சுலினைப் பற்றி மட்டும் அவை கூறவில்லை. நம் முன்னோர் எதனை உண்டனர், நிலம் எவ்வாறு கைமாறியது, நோய் எப்பொழுது வந்தது என்பனவும் அவற்றில் பாடமாயின. நோய்க்கும் வரலாறு உண்டு என்பதை அறிந்த மாணவன், தன் பாட்டிக்கு நீரிழிவு வந்தது அவளுடைய நாவின் குற்றத்தால் மட்டும் என்று எண்ணமாட்டான்.

கீலா ஆற்று மக்களின் கதையில் மற்றொரு பகுதி உண்டு. மானியம் 15 கோடியாக உயர்ந்த அதே 2004ஆம் ஆண்டில், அரிசோனா நீர்த் தீர்வுச் சட்டம் நிறைவேறியது. பல்லாண்டு வழக்காடலுக்குப் பின், ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி நீருக்கு, அதாவது நம் கணக்கில் 28 டி.எம்.சி.க்குச் சற்று மேற்பட்ட நீருக்கு, அவர்களுடைய உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்பின் அவர்கள் கால்வாய்களைச் செப்பனிட்டு வருகின்றனர். டெப்பரி அவரை அங்கே மீண்டும் விளைகின்றது. அந்த நீருக்குச் செலவாகும் பணம் மருத்துவத் துறையின் கணக்கில் வராது.