வகுப்பறையில் ஒரு குட்டி வானொலி நிலையம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வானொலிப் பரப்பியைப் பல ஆண்டுகள் நானும் கட்டப்படமாகவே நடத்தினேன். ஒலிவாங்கி, அலையியற்றி, பண்பேற்றி, பெருக்கி, அலைவாங்கி, நடுவே அம்புக்குறிகள். பிள்ளைகள் அழகாக வரைந்தார்கள், நானும் முழு மதிப்பெண் போட்டேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நம்ம குரலையே நேரா கம்பியில அனுப்பிட்டா என்ன? எதுக்கு இன்னொரு அலை?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பதில் எளிய கணக்கில் இருந்தது. அலைவாங்கியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்கு இருந்தால் நன்றாகப் பரப்பும். 1 கிலோஹெர்ட்ஸ் குரலை மின்காந்த அலையாக அனுப்பினால் அலைநீளம் 300 கிலோமீட்டர். கால் பங்கு 75 கிலோமீட்டர். ஏறத்தாழச் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை கம்பி கட்ட வேண்டும்! 1000 கிலோஹெர்ட்ஸ் என்றால் 75 மீட்டர் போதும். ஊர்தி அலை தேவைப்படுவது இதனால்தான்.

பிறகு செய்தே பார்த்தோம். 1 மெகாஹெர்ட்ஸ் படிக அலையியற்றி ஒன்று; நான்கு கால் உள்ள சிறிய உலோகப் பெட்டி அது. 1000 ஓம், 8 ஓம் சுருள்கள் கொண்ட சிறு ஒலி மின்மாற்றி ஒன்று. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி நான்கு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து அலையியற்றிக்குப் போகும் மின்சாரம் 1000 ஓம் சுருள் வழியாகப் போகவேண்டும். 8 ஓம் சுருளைக் கைபேசியின் ஹெட்போன் ஒயரில் இணைத்தோம். அலையியற்றியின் வெளியீட்டுக் காலில் ஒரு முழம் ஒயர்.

பாட்டை உடனே போட்டுவிடாதீர்கள். முதலில் பழைய மீடியம் வேவ் ரேடியோவை 1000 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், இரைச்சல் கேட்கும். பேட்டரியை இணைத்தால் இரைச்சல் அடங்கும். "சார், வேலை செய்யல" என்பார்கள். அந்த அமைதிதான் ஊர்தி அலை! பேட்டரியைக் கழற்றினால் இரைச்சல் திரும்பி வரும். இரண்டு மூன்று முறை செய்து காட்டுங்கள்.

இப்போது பாட்டு. பாட்டின் மின்னழுத்தம் மின்மாற்றி வழியாகப் பேட்டரியின் மின்னழுத்தத்தோடு சிறிது கூடுகிறது, சிறிது குறைகிறது. அலையியற்றிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறினால் அலையின் வீச்சும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதிர்வெண் மாறுவதில்லை. இதுவே வீச்சுப் பண்பேற்றம். "ஒலி அலைமேல் ஏறிப் போகிறது" என்று எழுதிய விடைக்கும் நான் சரி போட்டிருக்கிறேன். ஒலி எங்கும் போவதில்லை. அந்த ஏற்ற இறக்கம் மட்டுமே போகிறது. ரேடியோவில் உள்ள டயோடு அதைப் பிரித்தெடுக்கிறது.

ஓர் எச்சரிக்கை. உரிமம் இன்றி ஒலிபரப்புவது குற்றம். ஆகவே ஒயரை நீட்டாதீர்கள், பெருக்கி சேர்க்காதீர்கள். வகுப்பறைக்குள் சில மீட்டர் கேட்டால் போதும். எல்இடி விளக்கு, சார்ஜர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதல் நாள் அவை போட்ட இரைச்சலில் எங்களுக்குப் பாட்டே கேட்கவில்லை.

மறுநாள் அதே மாணவி வந்தாள். "சார், வீச்சை விட்டுட்டு அதிர்வெண்ணை ஆட்டினா என்ன ஆகும்?" பண்பலையை அந்த வாரமே தொடங்கிவிட்டேன்.