பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சைக்காலஜி: சேரும் முன் சில விஷயங்கள்

(நம் சங்கம் நடத்திய மேற்படிப்பு வழிகாட்டல் கூட்டத்தில், நம் வளாகத்திலேயே வசிக்கும் உளவியல் பேராசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, இருவரும் கேட்க வேண்டிய விஷயம்தான் இது.

லிஃப்டிலும் வாக்கிங் போகும்போதும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “மேடம், பொண்ணு சைக்காலஜி எடுக்கணும்னு பிடிவாதமா இருக்கா. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. ரெண்டையும் சேர்த்து அஞ்சு வருஷ கோர்ஸ் இருக்காமே, சேர்க்கலாமா?”

சேர்க்கலாம். ஆனால் அது எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

முதலில் காலக் கணக்கு. ஒருங்கிணைந்த படிப்பால் ஒரு வருடம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020-இன்படி மூன்று ஆண்டு இளநிலைக்குப் பின் இரண்டு ஆண்டு முதுநிலை, அல்லது நான்கு ஆண்டு இளநிலைக்குப் பின் ஓராண்டு முதுநிலை. எப்படிக் கூட்டினாலும் ஐந்துதான். ஒருங்கிணைந்த படிப்பில் மிச்சமாவது இன்னொரு நுழைவுத் தேர்வும், இன்னொரு அட்மிஷன் அலைச்சலும். பாடத்திட்டமும் தொடர்ச்சியாக இருக்கும். பதிலுக்கு, ஐந்து வருடமும் ஒரே கல்லூரி, பெரும்பாலும் அதே ஆசிரியர்கள். பதினேழு வயதில் எடுக்கும் முடிவு இருபத்திரண்டு வயது வரை கூடவே வரும். அதனால் நடுவில் விலகினால் இளநிலைப் பட்டம் கிடைக்குமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, உள்ளே என்ன படிக்கிறார்கள்? எதிரில் இருப்பவர் மனதை அப்படியே படித்துவிடும் வித்தை எதுவும் சொல்லித் தர மாட்டோம். முதல் வருடமே புள்ளியியல் வந்துவிடும். சராசரி, திட்ட விலக்கம் என்று தொடங்கி பிற்பாடு டி-டெஸ்ட், அனோவா வரை போகும். கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸ் பக்கம் வந்த பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். மூளை, நரம்பு மண்டலம் பற்றிய உயிரியல் பாடமும் உண்டு.

பிறகு ஆய்வகம். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் அமைத்த காலத்திலிருந்தே இந்தத் துறை சோதனை செய்து பார்க்கும் துறை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைவது, ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று ஏன் நீளமாகத் தெரிகிறது என்று அளப்பது என்று முதல் சோதனைகள் விளையாட்டு போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்ட் எழுத வேண்டும். கடைசி இரண்டு வருடங்களில் மனநலக் குறைபாடுகள், கவுன்சலிங், உளவியல் சோதனைகள், இன்டர்ன்ஷிப், ஆய்வேடு எல்லாம் சேரும்போதுதான் பாரம் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். ஐந்து வருடம் முடித்ததும் உங்கள் பிள்ளை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. மருந்து எழுதுபவர் சைக்யாட்ரிஸ்ட், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பணியாற்ற, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் அந்தப் பணியைச் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கே இடமுண்டு. இத்தனை காலம் அதற்கான பாதை, முதுநிலைக்குப் பின் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இரண்டு ஆண்டு எம்.ஃபில். எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டித்தார்கள். பாதை மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. ஆகவே கல்லூரி விளம்பரத்தையோ, மூன்று வருடம் முன்பு படித்த அண்ணன், அக்கா சொல்வதையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

தபால் வழியில் படிக்கலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் பட்டப் படிப்பு நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. யாராவது இப்போது அப்படி இடம் தருகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

கல்லூரிக்கு நேரில் போகும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. உளவியலுக்கென்று முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர்?
2. ஆய்வகத்தைத் திறந்து காட்டுவீர்களா?
3. இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில், எந்தப் பள்ளியில்? யார் மேற்பார்வை? அதைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, மாணவரே தேட வேண்டுமா?
4. கடந்த இரண்டு வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் யோசியுங்கள்.

கிளினிக் மட்டும்தான் வேலையா என்றால், இல்லை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளிலேயே பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்று இருக்கிறது. நிறுவனங்களின் மனிதவளத் துறை, சந்தை ஆய்வு, செயலி வடிவமைப்பு, தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. தொடக்கச் சம்பளம் ஐ.டி. போல இருக்காது. அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏன் சைக்காலஜி என்று பிள்ளையிடம் நிதானமாகக் கேளுங்கள். “எனக்கே மனசு சரியில்லை, படிச்சா புரியும்னு நினைச்சேன்” என்று பதில் வரலாம். வகுப்பில் நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் திட்ட வேண்டாம், பதற வேண்டாம். ஆனால் பாடப் புத்தகம் சிகிச்சை ஆகாது. முதலில் உதவி, பிறகு அட்மிஷன். 14416 என்ற டெலி-மானஸ் எண் அரசின் இலவச சேவை. 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நம் ஒவ்வொரு பிளாக் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளே, மனிதர்கள் மேல் அக்கறையும் எண்கள் மேல் பொறுமையும் இருந்தால் தயங்காமல் வாருங்கள்.