மேகத்தில் ஏறிய பேரேடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழகத்தை விட்டுப் பல நூறு மைல் தள்ளி வாழும் நமக்கு, ஊர் என்றதும் நினைவுக்கு வருவது ரயில் டிக்கெட். ஆகவே, ரயில்வே குமாஸ்தா ஒருவர் மேடையேறினால், பொங்கலுக்கு இடம் கிடைக்குமா என்பதைத் தவிர வேறெதையும் கேட்கத் தங்களுக்கு மனமிராது. அதை அறிந்தும், காரியாலயக் கணக்குகளை மேகக் கணிமைக்கு மாற்றுவது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு இது பெரிய பொருளே. எனினும் பட்டறிந்தது ஒன்று உண்டு; அதைக் கொண்டே பேசத் துணிந்தோம்.

மேகம் என்பது வானத்தில் இல்லை. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில் இரவு பகலாக இயங்கும் கணிப்பொறிகளில் வாடகைக்கு இடம் பிடித்து, நமது கணக்கை அங்கே வைப்பதுதான் அது. இயந்திரம் அவர்களுடையது, கணக்கு நம்முடையது. பண்டிகைக் காலத்தில் கூடுதல் இடம் பெற்று, கூட்டம் தணிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

டிக்கெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 1985-இல் டில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, 1999-க்குள் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நிலையங்களையும் இணைத்துவிட்டது. 2010-இல் அமைந்த முறை நிமிடத்திற்கு 25,000 டிக்கெட் வழங்க வல்லது. அதன் இயந்திர வகை பழையதாகிவிட்டதால், மேகத் தொழில்நுட்பத்திற்கு ஏற்றதாக மாற்ற வேண்டியிருக்கிறது என்று 2025-இல் பாராளுமன்றத்திலேயே அமைச்சகம் தெரிவித்தது.

இனி நமது கதை. சில ஆண்டுகளுக்கு முன், நமது பிரிவு ஊழியர்களின் விடுப்புக் கணக்கு முழுவதும் மூலையிலிருந்த ஒரே கணிப்பொறியில் இருந்தது. சனிக்கிழமைதோறும் பிரதி எடுத்து அலமாரியில் பூட்டுவது நமது பொறுப்பு. ஒரு கோடையில் ஏழு சனிக்கிழமைகள் அதைச் செய்யவில்லை. வேலை மிகுதி என்று அன்று சொன்னோம், உண்மையில் சோம்பல். எட்டாம் வாரம் வட்டு பழுதாயிற்று. பழைய பிரதியைப் போட்டுப் பார்த்தால் அதுவும் திறக்கவில்லை. அதுநாள்வரை ஒருமுறையேனும் அதைத் திறந்து பார்த்தோமில்லை.

அந்த மாதம் ஓய்வுபெற வேண்டிய கேங்மேன் ஒருவர் இருந்தார். சேர்த்துவைத்த விடுப்பிற்கு ஈடாக 300 நாள் சம்பளம் வரை பெற இடமுண்டு. பழைய விண்ணப்பங்களைத் தூசு தட்டி ஒவ்வொன்றாகக் கூட்டி முடிக்கும்வரை அவர் தொகை நிலுவையில் நின்றது. மகள் திருமணத்தை வட்டிக்குக் கடன் வாங்கி நடத்தினார். நம்மைக் காணும்போதெல்லாம், “பாபுஜி, கணக்குக் கிடைத்ததா?” என்று மட்டும் கேட்பார். ஒருமுறையேனும் கடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மேகத்தில் இருந்திருந்தால் இது நேர்ந்திராது எனலாம். அது பாதி உண்மை. ரயில்வேயின் காரியாலயக் கோப்புகள் 2019 முதல் மின் அலுவலக முறைக்கு மாறின. ரயில்டெல் நிறுவனம் அவற்றைச் செகந்திராபாத், குருகிராம் ஆகிய இரண்டு ஊர்களில் உள்ள தரவு நிலையங்களிலிருந்து நடத்துகிறது. இரண்டு ஊர் எதற்கு என்று கேட்பவர் தென்கொரியாவைப் பார்க்கட்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலத்தில் தீப்பற்றி, அரசு ஊழியர்கள் சேமித்திருந்த 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் எரிந்தன. அவற்றிற்கு வேறெங்கும் பிரதி இல்லை. மேகந்தான், ஆனால் ஒரே கட்டடத்து மேகம்.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம், தான் கூகுள் மேகத்தில் வைத்திருந்த அமைப்பையே இழந்தது. கூகுள் தரப்பில் அமைத்தவர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதே காரணம்! விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாயிருந்தால் என்ன ஆகும் என்பதைக் குமாஸ்தாக்களிடம் கேட்டிருக்கலாம். வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது அந்த நிதியத்திற்குக் கைகொடுத்தது.

நமது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் கல்வி உதவிநிதிக் கணக்கும் செயலாளர் வீட்டுக் கணிப்பொறி ஒன்றில்தான் இருக்கின்றன. அவற்றை மேகத்திற்கு மாற்றும் வேலையை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஒரு பிரதி பொருளாளர் வீட்டில் இருக்கும். மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலை, அதைத் திறந்து பார்க்க இளைஞர் இருவர் தேவை. விழா முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். நாம் வாயிலருகே நிற்போம்.