ஆலய முற்றத்தில் ஒரு திண்ணை



ஜூபிலி நினைவாக ஆலய முற்றத்தில் உபயதாரர் பெயரோடு சிமெண்டு பெஞ்சுகள் போடலாம் என்கிறார்கள். நல்லதுதான், ஆனால் நம் ஊர் வெயிலில் அதில் யார் உட்காருவது? கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நம் முன்னோர் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அவள் நினைவும் நின்றது, தலைச்சுமையோடு வந்தவருக்கு இளைப்பாறலும் கிடைத்தது.

பார்சலோனாவின் குவெல் பூங்காவில், 1914-க்குள் கட்டி முடித்த வளைந்த நீண்ட இருக்கை முழுவதும் உடைந்த ஓட்டுச் சில்லுகள். அந்த மேடையில் விழும் மழைநீர் தூண்களுக்குள் இறங்கி, அடியிலுள்ள தொட்டியில் சேரும். அமைத்தவர் அந்தோனி கவுடி; 2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்திற்குரியவர் என அறிவித்தாரே, அவர்தான்.

ஆகவே வேப்பமரத்தைச் சுற்றித் திண்ணை கட்டுவோம். தளத்து நீர் கிணற்றுக்குப் போகட்டும். வீட்டில் உடைந்த தட்டு, ஓடு இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.