மராட்டியர் கடற்படையும் நம் மாலுமிகளும்

(தியாகராய நகரில் நடைபெற்ற நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிர தேசத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. 1677-ல் சிவாஜி மன்னர் கைக்கொண்ட அச்செஞ்சியே, பிற்காலத்தில் அவர் குமாரர் ராஜாராமுக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் புகலிடமாயிற்று. ஆதலின் மராட்டியர் சரித்திரம் நமக்கு அயலார் கதையன்று.

எனினும் மலைக்கோட்டைகளைப் பற்றி நான் இன்று பேசப் புகவில்லை. அவ்வரிசையிலுள்ள கந்தேரி, சுவர்ணதுர்க்கம், விஜயதுர்க்கம், சிந்துதுர்க்கம் என்னும் நான்கும் கடல் சூழ்ந்தனவும் கடலை அடுத்தனவுமான கோட்டைகள். அவற்றைக் காத்த படகுகளைச் செலுத்தியவர்களுள் கோளியரும் பண்டாரிகளும் முக்கியமானவர்கள். அவர்கள் நம்மைப் போலவே அலையோடு பிறந்து அலையோடு வளர்ந்த நெய்தல் நிலத்து மக்கள். கட்டுமரம் ஏறிய நம் பாட்டனார்களின் பேரர்கள் இன்று எண்ணெய்க் கப்பல்களிலும் பெட்டகக் கப்பல்களிலும் அதிகாரிகளாயும் மாலுமிகளாயும் உலகைச் சுற்றி வருகின்றனர். கடலில் தலைமை என்பது யாது என்று அவர்கள் அறிவதற்கு இச்சரித்திரத்தினும் ஏற்ற பாடம் வேறில்லை.

முதலாவது பாடம், தொழிலைத் தானே கற்றலாம். சிவாஜி மன்னர் மலை நாட்டில் பிறந்தவர். 1657-ல் கல்யாண், பிவண்டி என்னும் ஊர்களைக் கைக்கொண்ட பின்னர் கப்பல் கட்டத் தொடங்கினார். ருய் லைத்தான் வியேகாஸ் என்னும் போர்த்துக்கீசியரின் கீழ் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வேலையில் அமர்ந்தனர். இவர் கடலில் வலிமை பெற்றால் தமக்குத் தீங்கு நேருமென்று அஞ்சிய போர்த்துக்கீசிய அதிகாரிகள், 1659-ல் அவ்வேலைக்காரர்களை இரகசியமாகத் திரும்ப அழைத்துக்கொண்டனர். வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். இவரோ வேலையை நிறுத்தவில்லை. 1664-ல் மால்வணத்துக்கு எதிரேயுள்ள தீவில் சிந்துதுர்க்கத்துக்குக் கால்கோள் செய்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் சிறு கலங்கள் எண்பத்தைந்தும் பெருங்கலங்கள் மூன்றும் சூழத் தாமே கடலேறி, கன்னட நாட்டுப் பஸ்ரூர் வரை சென்று வந்தார். கரையில் நின்று கட்டளையிடுவது தலைமையன்று, கலத்தில் உடன் செல்வதே தலைமை என்பதை இது தெளிவிக்கின்றது.

இரண்டாவது பாடம், தன் வலிமையையும் தன் குறையையும் அளந்தறிதல். பம்பாய்த் துறைமுகத்து வாயிலுக்குத் தெற்கே கந்தேரி என்றொரு சிறு தீவு உண்டு. 1679-ல் சிவாஜியின் ஆணைப்படி மாயநாயக் பண்டாரி என்பவர் ஆட்களுடன் சென்று அங்கே அரண் எடுக்கலானார். பம்பாயிலிருந்த ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல்களை நிறுத்தி அத்தீவை முற்றுகையிட்டனர். பீரங்கிக்குப் பீரங்கி நின்று எதிர்த்தால் மராட்டியர் தோற்பது திண்ணம். ஆனால் ஆங்கிலேயரின் பெரிய கப்பல் காற்றின்றி நகராது. மராட்டியரின் சிறு படகோ தண்டு வலித்தால் காற்றில்லாத போதும் ஓடும், ஆழமில்லாத நீரிலும் செல்லும். ஆகவே அவர்கள் இரவு நேரங்களில் பகைவர் கப்பல்களின் இடையே நுழைந்து தீவுக்கு உணவும் தளவாடமும் சேர்த்து வந்தனர். அக்டோபர் மாதத்தில் தௌலத்கான் என்னும் தளபதி படகுத் திரளுடன் வந்து பொருதபோது பெரும் போர் மூண்டது. அதில் ஆங்கிலேயர் கை ஓங்கியும், தீவை அவர்கள் மீட்க முடியவில்லை. 1680-ன் தொடக்கத்தில் முற்றுகையைக் கைவிட்டு நீங்கினர்.

மூன்றாவது பாடமே யாவற்றினும் பெரிது. தண்டு வலிப்பவனின் வயிற்றை நினைப்பவனே தலைவன் என்பது அது. மராட்டிய அரசின் அமாத்தியராயிருந்த ராமச்சந்திர பந்த் 1715-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘ஆக்ஞாபத்திரம்’ என்னும் அரசியல் நூலில் கடற்படைக்கென்றே ஒரு பகுதி உண்டு. கலங்கள் மிகப் பெரியனவாயும் மிகச் சிறியனவாயும் இல்லாமல் நடுத்தரமாய் இருத்தல் வேண்டுமென்று அவர் விதிக்கிறார். படையினரின் சம்பளத்துக்கு நிலையான வருவாயை ஒதுக்க வேண்டும் என்கிறார். துறைமுக வருமானத்தை நம்பி விட்டால் வணிகர்க்குத் துன்பம் நேர்ந்து துறைமுகமே பாழாகும் என்பது அவர் கருத்து. கப்பலுக்கு மரம் வெட்டுங்கால் குடியானவனுடைய மாவையும் பலாவையும் தொடலாகாது என்றும் விலக்குகிறார். அவை நெடுங்காலம் குழந்தைகளைப் போல் வளர்க்கப்பட்டவை. முதிர்ந்த மரமாயின், உடையவன் மனமொப்பினால் விலை கொடுத்தே வாங்க வேண்டும். போர்க்கப்பல் கட்டும்போதும் ஏழையின் கண்ணீரை எண்ணிய அரசியல் இது!

இவ்விதியை இன்றைய நிலையோடு ஒட்டிப் பாருங்கள். கப்பல் முதலாளி கைவிட்டமையால், சம்பளமும் உணவும் இன்றி அயல் துறைமுகங்களில் மாதக் கணக்காய்க் கிடந்து வாடிய மாலுமிகளின் செய்திகள் நாம் அறியாதவை அல்ல. 2020-ல் கொள்ளை நோய் பரவிய காலத்தில், ஒப்பந்தம் முடிந்தும் கரையிறங்க இயலாமல் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கப்பலிலேயே சிறைப்பட்டிருந்தனர். இத்தகைய இடர்களைத் தடுக்கவே 2006-ல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வகுக்கப்பட்டது. 2015-ல் நம் தேசமும் அதனை ஏற்றது. மாதந்தோறும் சம்பளம் அளித்தல் வேண்டும். கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவுக்கும் முன்னதாகவே பொறுப்புப் பணம் கட்டியிருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். மாலுமியை வேலைக்கு அமர்த்துவதற்கு அவனிடம் ஏஜெண்டு தரகுப் பணம் வாங்கலாகாது என்பதும் சட்டம். ஆயினும், தாலி அடகு வைத்துத் தரகனுக்குப் பணம் கட்டிய தாய்மார் நம்மிடையே இல்லையா? சட்டம் ஏட்டில் இருக்க, அதை எடுத்துச் சொல்ல வேண்டிய நாம் வாளாவிருப்பது தகுமோ?

இனி, மராட்டியர் கடற்படையின் முடிவைக் கூறுகிறேன். சிவாஜிக்குப் பின் அப்படையைத் தாங்கிய பெருந்தலைவர் கானோஜி ஆங்கரே. ஆங்கிலேயர் விஜயதுர்க்கத்தையும் கந்தேரியையும் தாக்கி மீண்டனர். 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் ஒன்று கூடி அலிபாகின் கொலாபாக் கோட்டையைத் தாக்கியும் வெல்லவில்லை. 1729-ல் அவர் இறந்தார். பின்னர் அவர் புதல்வர்களுக்குள் பகை மூண்டது. 1735-ல் பேஷ்வா தலையிட்டு, கொலாபா ஒருவருக்கும் விஜயதுர்க்கம் மற்றொருவருக்குமாகப் பங்கிட்டார். அடுத்து வந்த துளாஜி ஆங்கரேக்கும் பேஷ்வாவுக்கும் ஒவ்வாமையால், பேஷ்வாவே ஆங்கிலேயரைத் துணைக்கழைத்தார். 1756 பிப்ரவரியில் வாட்சனும் கிளைவும் விஜயதுர்க்கத்தைத் தாக்கினர். ஒரு கப்பலில் பற்றிய தீ, நெருங்கி நின்ற கலங்களுக்கெல்லாம் பரவி அப்படை முழுவதும் சாம்பலாயிற்று. கானோஜியைப் பகைவர் வெல்லவில்லை. அவர் வீட்டுச் சண்டையே அவர் படையைக் கொளுத்தியது.

அத்தீ கொங்கணத்தோடு நின்றதா? வாட்சனும் கிளைவும் அங்கிருந்து நம் சோழமண்டலக் கரைக்கு வந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இச்சென்னையிலிருந்தே வங்காளத்துக்குக் கப்பலேறினர். 1757-ல் பிளாசி யுத்தம் நடந்தது. அதன் பின் நிகழ்ந்தவற்றை நான் சொல்ல வேண்டுவதில்லை. உடன்பிறந்தார் பூசலுக்கு ஒரு தேசமே விலை கொடுத்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1908-ல் அவர் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. அரசாங்கத்தின் கொடுமை ஒரு காரணம். தலைவர் இல்லாத போது சுமையைத் தாங்கும் தோள்கள் போதாமை மற்றொரு காரணம்.

சகோதரர்களே! நம் சங்கத்திலும் இரு கட்சிகள் தோன்றியிருப்பதை மறைத்துப் பயனில்லை. தலைவர் பதவி எந்த ஊராருக்கு என்ற வாதத்தில் காலம் கழிகின்றது. அதற்குள் நம் பிள்ளைகள் தரகர் கையில் அகப்படுகின்றனர். ஆகவே மூன்று வேலைகளை நாம் உடனே மேற்கொள்வோமாக. கப்பல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியோர், முறை வைத்து வாரம் ஒரு நாள் இங்கே அமர்ந்து, இளைஞர்களின் சி.டி.சி. புத்தகத்தையும் ஒப்பந்தத்தையும் படித்துப் பார்த்து, ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று ஆராய்ந்து சொல்லட்டும். அயல் துறைமுகத்தில் இடருற்றவரின் குடும்பத்துக்கு உதவ ஒரு நிதி திரட்டுவோம். அந்நிதியின் பொறுப்பில் இரு கட்சியினரும் சமமாய் அமரட்டும்.

தண்டு வலிப்போர் ஒருமித்து வலித்தாலன்றிக் கலம் ஓடாது. அமரம் பிடிப்பவன் யார் என்று துறையிலேயே வாதிட்டுக்கொண்டிருந்தால் காற்றும் நமக்காகக் காத்திராது. கடலன்னை நம் மக்களைக் காப்பாளாக!