சங்கம் ஒருவர் வீட்டுச் சொத்தா?

(தாம்பரத்தில் நகர் நலச் சங்க ஊழியர்களுக்காக நடந்த பயிற்சி வகுப்பில் செய்த சொற்பொழிவு)



சங்கம் ஆரம்பிப்பது நம் நாட்டில் ஒரு கஷ்டமான காரியமல்ல. 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் ஏற்பட்டு விடும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எங்கே பார்த்தாலும் நகருக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு போர்டு இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், காரியதரிசி வீட்டு பீரோவில் என்றுதான் சொல்ல வேண்டும். ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, சாவி எல்லாம் அவரிடம். அவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போனால் சங்கமும் கூடவே விமானம் ஏறிவிடுகிறது!

அவர் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அநேகமாக அங்கே உழைப்பவரே அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பிறருக்கு வேலை பழக்கவில்லை. பிறரும் “எல்லாம் அவர் பார்த்துக் கொள்வார்” என்று தூங்கி விட்டார்கள். பாரத்தைச் சாமி தலையில் போட்டுவிட்டுத் தூங்குகிற அதே புத்திதான் இது.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார், எங்கே கர்ப்பிணி இருக்கிறாள், யாருக்குத் தினம் மருந்து வேண்டும் என்ற ஜாபிதா அன்று எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும்! அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்றைக்காவது உங்கள் சங்கத்தில் அது இருக்கிறதா? வருண பகவான்மேல் பழிபோட்டால் கால்வாயை அடைத்தவனுக்குத்தான் சௌகரியம்.

பம்மலைப் பாருங்கள். 1994-ல் ஸ்ரீசங்கரா நகரில் மங்களம் பாலசுப்பிரமணியன் அவர்களும் மற்றப் பெண்களும் கூடி, வீடுவீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கி மண்புழு உரமாக்கும் வேலையில் இறங்கினார்கள். குப்பை என்றால் இன்ன ஜாதியின் தலையெழுத்து என்றிருக்கும் தேசத்தில், வீட்டுப் பெண்கள் அதைத் தங்கள் காரியமாக எடுத்துக் கொண்டதே பெரிய விஷயம். அது பின்னால் நகராட்சியே நாடுகிற வேலையாயிற்று. ஆனால் உங்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் வண்டி தள்ளி வருகிறவருக்குச் சங்கக் கூட்டத்தில் என்றாவது நாற்காலி போட்டதுண்டா?

பல இடங்களில் சொந்த வீட்டுக்காரர்தான் அங்கத்தினர். வாடகைக்கு இருப்பவர் சந்தா மட்டும் கொடுக்கலாம். பெண்களுக்கோ கோலப்போட்டி! 2022-ல் நடந்த தாம்பரம் மாநகராட்சியின் முதல் தேர்தலுக்குப் பின், பட்டியல் வகுப்புப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய மேயர் நாற்காலியில் வசந்தகுமாரி அவர்கள் அமர்ந்தார். 70 வார்டு ஊருக்கு ஒரு பெண் மேயராகலாம், 70 வீட்டுச் சங்கத்துக்குப் பொக்கிஷதாராகக் கூடாதாம்!

கூட்டம் ஞாயிறு 5 மணிக்கு என்று நோட்டீஸ் போட்டுவிட்டு, ராகுகாலம் கழியட்டும் என்று 6-க்குமேல் ஆரம்பிக்கிறீர்கள். இரவு வேலைக்குப் போகிறவரும், அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணும் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் நாலு பெரியவர்கள் தீர்மானம் செய்வார்கள். அதையும் எழுதி வைப்பதில்லை. 1929 பிப்ரவரியில் பக்கத்துச் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அது இன்றும் நம் கைக்குக் கிடைப்பது, எழுதி அச்சிட்டு வைத்ததனால்தான். உங்கள் சங்கம் சென்ற மாதம் என்ன தீர்மானித்தது என்று உங்களில் யாராவது சொல்ல முடியுமா?

பேச்சு போதும். சாப்பாட்டுக்குப் பின் உங்களை ஐந்தைந்து பேராகப் பிரிக்கப் போகிறோம். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு வரவு செலவுக் கணக்குத் தருவோம். அதில் வேண்டுமென்றே 3 தப்புகள் வைத்திருக்கிறோம். அவற்றைக் கண்டுபிடித்து, கூட்டம் நடத்தி, நடவடிக்கைக் குறிப்பு எழுதி மாலை 4 மணிக்குள் படித்துக் காட்ட வேண்டும். இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர்களே அக்கிராசனம் வகிக்க வேண்டும். நெடுநாள் காரியதரிசிகள் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அதுதான் பயிற்சி.