பூட்டிய அறையும் திறவுகோலும்



தில்லைத் திருக்கோயிலைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தி ஒன்று உண்டு. தேவாரப் பதிகங்களைத் தேடிய இராசராச சோழ மன்னன், நம்பியாண்டார் நம்பியின் வாயிலாக, அவ்வேடுகள் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டி இலச்சினை இடப்பெற்றுக் கிடப்பதை அறிந்தான். பதிகம் பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவு திறவாது என்றனர் அங்கிருந்தோர். மன்னன் வாதாடவில்லை. மூவர் திருவுருவங்களையும் அணிசெய்து ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான்; கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கிப் பார்த்தபோது, செல்லரித்தவை போக எஞ்சியவை சிறு பகுதியே என்பர்.

இக்கதையை வகுப்பில் நான் பன்முறை சொல்லியிருக்கிறேன். அண்மைக் காலத்தில் இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இக்காலத்து வழக்கிற் சொன்னால், கடவுச்சொல் கேட்ட முதல் நூலகம் நம் சிதம்பரத்து நூலகம் அன்றோ!

பல்கலைக்கழக நூலகத்தின் இணையவழிச் செல்வத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நூலகம் என்றவுடன் நம் பகுதியார்க்கு நினைவுக்கு வரவேண்டியவர் சீகாழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து நூலாக வெளியிட்டார். படிப்பவருடைய காலம் வீணாகலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இணையம் அந்த ஒரு விதியை நன்றாகவே நிறைவேற்றித் தந்துவிட்டது. மிச்சப்பட்ட காலத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு மாணவியின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டா. கடலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் பயில்பவள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்தவள். தேவனாம்பட்டினத்தில் வாழ்ந்த அவளுடைய பாட்டி அன்று கடலோடு போய்விட்டார்; பாட்டியை இவள் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறாள். கல்லூரியில் திட்டக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அலையாத்திக் காடுகள் கடற்கரை ஊர்களைக் காக்குமா என்பதைத் தலைப்பாகக் கேட்டுப் பெற்றாள். சிதம்பரத்தை அடுத்துள்ள பிச்சாவரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னை மரங்கள் நீரில் வேரூன்றி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தேவனாம்பட்டினத்தில் அத்தகைய காடு இல்லை. இருந்திருந்தால் பாட்டி பிழைத்திருப்பாரா? அவள் கேட்க விரும்பியது இதுவே. கட்டுரைத் தலைப்பில் அது தெரியவில்லை, பேசும்போது தெரிந்தது.

அவள் என்னிடம் வந்தபோது கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்சார் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன், இராசேந்திரன் ஆகிய இருவரும் 2005-இல் எஸ்சுவரைன், கோஸ்டல் அண்டு ஷெல்ஃப் சயன்ஸ் என்னும் ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் சுருக்கம் அது. அப்பகுதியில் 18 சிற்றூர்களை ஆராய்ந்து, கரையோரக் காடுகள் அலையின் கொடுமையைத் தணித்தன என்று அவர்கள் முடிவு கூறியிருந்தனர்.

“முழுக் கட்டுரையைப் படித்தாயா, அம்மா?” என்றேன்.

“இல்லை ஐயா. டாலரில் பணம் கேட்கிறது. சுருக்கமே போதும் என்று தோழிகள் சொன்னார்கள்” என்றாள்.

போதாது. சுருக்கம் என்பது வாயிற்படி, வீடு அன்று. முடிவு எதனின்று வந்தது, எத்தனை ஊர், எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்பனவெல்லாம் உள்ளேதான் இருக்கும்.

பணம் கேட்கும் கதவைக் கண்டு திரும்பிவிடுகிறவர் பலர். அக்கதவின் திறவுகோலை நாட்டு மக்களின் வரிப்பணம் முன்னமே வாங்கி வைத்திருக்கிறது என்பதை அவர்கள் அறியார். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-இல் ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்றது. 30 பதிப்பகத்தாரின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, மத்திய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோர் தனிக் கட்டணமின்றிப் படிப்பதற்கு 2025 தொடக்கத்திலிருந்து வழி செய்யப்பட்டது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்னும் மையம் இதனை நடத்துகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் இவ்வட்டத்துள் அடங்கும். தனியார் கல்லூரி மாணவர், என்-லிஸ்ட் என்னும் வேறு திட்டத்தில் தம் கல்லூரி சேர்ந்துளதா என்று நூலகரைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு நாணுவோர் நம்மிடையே மிகுதி. நூலகர் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் மட்டுமே என்ற எண்ணத்தை விட்டொழியுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எங்ஙனம் பெறுவது, கல்லூரி வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைவது எப்படி என்பவற்றை அவரே சொல்லித் தருவார்.

இம்மாணவியும் மறுநாள் கல்லூரி நூலகரைக் கண்டாள். மாலைக்குள் கட்டுரை முழுவதும் அவள் கைப்பேசியில் வந்துவிட்டது.

இங்கே என் பழைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எட். படித்த காலத்தில் கடலூரிலிருந்து பேருந்தேறி நூலகங்களுக்குச் செல்வேன். அட்டைப் பெட்டிகளை இழுத்துப் பார்த்து, இதழ்க்கட்டை வாங்கி, பென்சிலால் படியெடுப்பேன். ஓர் ஊரின் நூலகத்தில் எனக்கு வேண்டிய கட்டுரை கிடைத்தது. அதனை மறுத்து ஒருவர் எழுதியது அடுத்த இதழில் இருந்தது. அவ்விதழ் பைண்டிங்குக்குப் போயிருந்தது. காத்திராமல் கிடைத்ததை மட்டும் கொண்டு எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அம்மறுப்பைப் பற்றி வினவினார். என் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்று மறுப்பு பைண்டரிடம் இருந்தது. இன்று விரலால் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். ஆயினும் தட்டுவார் சிலரே.

அந்தத் தட்டு எது? கூகுள் ஸ்காலர் முதலிய தேடுதளங்களில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும், அதனைப் பிற்காலத்தில் எடுத்தாண்டோர் எத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும். கட்டுரையின் அடியில் உள்ள நூற்பட்டியல் நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்வது. இந்த எண் முன்னோக்கி அழைத்துச் செல்வது. பெற்றோரை மட்டும் அறிந்தால் போதாது, பிள்ளைகளையும் அறிய வேண்டும் என்று மாணவியிடம் சொன்னேன். எண்ணைத் தட்டி, ‘மறுமொழி’, ‘கருத்துரை’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அப்பட்டியலில் தேடச் சொன்னேன்.

கிடைத்தது. அதே இதழில் 2006-இல் கெர், பேர்டு, கேம்பெல் என்னும் மூவர் எழுதியிருந்தனர். முதற்கட்டுரையின் புள்ளிகளையே அவர்கள் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தனர். கடலிலிருந்து தொலைவிலும், மேட்டு நிலத்திலும் இருந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைவு. காடு சூழ்ந்த ஊர்களும் பெரும்பாலும் அத்தகைய இடங்களிலேயே அமைந்திருந்தன. தொலைவையும் உயரத்தையும் கணக்கில் கொண்டபின், காட்டினால் விளைந்தது என்று தனியே காட்ட எஞ்சுவது மிகச் சிறிதே என்பது அவர்கள் வாதம்.

மாணவி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என் வீட்டுப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா ஐயா?” என்றாள். நான் உடனே விடை சொல்லவில்லை. அவள் விரும்பிய விடை மரம் காக்கும் என்பது. அதனை ஐயுறச் செய்யும் ஏட்டைத் தேடிப் படிக்க வைத்தவன் நான். ஆயினும், மரம் நட்டுவிட்டோம், இனி அஞ்ச வேண்டா என்று நம்பி ஓர் ஊர் தாழ்ந்த மணலிலேயே தங்கிவிடுமானால், அடுத்த அலையின்போது அதற்கு யார் பொறுப்பு? ஓடுவதற்கு மேடு வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற எண்ணம் அங்கே தளர்ந்துவிடும் அன்றோ? இதை அவளிடம் சொன்னேன். பட்டியலில் இன்னும் கீழே போய்ப் பார் என்றும் சொன்னேன்.

அதே ஆண்டில், அதே இதழில், வெர்மாட், தம்பன்யா என்னும் இருவர் அப்புள்ளிகளை மூன்றாம் முறை ஆராய்ந்து, காடு தணித்தது என்ற பக்கம் நின்றிருந்தனர். அதற்கும் முன்னரே, 2005 அக்டோபரில், சயன்ஸ் இதழில் டேனியல்சன் முதலானோர், வேறு வழியில், விண்கோள் படங்களைக் கொண்டு நம் கடலூர் மாவட்டக் கரையையே ஆராய்ந்து, அடர்ந்த மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று எழுதியிருந்தனர். ஒரு மாவட்டத்துக் கரையைப் பற்றி உலக அறிஞர்கள் இத்தனை பேர் வழக்காடியிருக்கிறார்கள். அக்கரையிலேயே பிறந்த பெண்ணின் கையில் முதலில் இருந்தது ஒரு தாள்!

தேடும் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தேடுபெட்டி எழுத்தை அறியும், ஊரை அறியாது. பரங்கிப்பேட்டைக்கு ஆங்கில ஏடுகளில் போர்ட்டோ நோவோ என்று பெயர். கொள்ளிடத்துக்குக் கோலரூன் என்று பெயர். பிச்சாவரத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கால் நடுவே ஒரு ‘டி’ எழுத்தைச் சேர்ப்பாரும் உளர், சேராதாரும் உளர். கடலூர் தனி மாவட்டமானதே 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தபோதுதான். அதற்கு முற்பட்டவற்றைத் ‘தென்னார்க்காடு’ என்று இட்டுத் தேடாவிட்டால் பாதி மறைந்துவிடும். ஆதலின், தேட உட்காருமுன் ஒரு தாளில் உங்கள் பொருளுக்குரிய பெயர்களையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வரவேண்டுமாயின் அவற்றை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். எந்நாளில், எத்தளத்தில், எச்சொல்லை இட்டுத் தேடினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். இது கிழவரின் பழக்கம் என்று நகைக்கலாம். மறுவாரம் அதே கட்டுரையைத் தேடி அலையும்போது கிழவர் நினைவுக்கு வருவார்.

பள்ளி மாணவரும் சோர வேண்டுவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் யாவர்க்கும் திறந்துள்ளன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இவற்றுக்குக் கடவுச்சொல்லும் வேண்டா. ஆய்வேட்டைப் பார்த்து எழுதுவது வேறு, பெயர்த்து எழுதுவது வேறு என்பதை மட்டும் மறவாதிருங்கள்.

கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றை நான் வெறுப்பவன் அல்லேன். ஆயினும் ஒரு மாணவன் அப்பொறி தந்த நூற்பட்டியலைக் கொண்டுவந்தான். ஆசிரியர் பெயர், இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இதழைத் திறந்து அப்பக்கத்தைப் பார்த்தோம். அங்கே இருந்தது வேறொரு கட்டுரை. பட்டியலில் இருந்த கட்டுரை உலகில் எங்குமே இல்லை. நூலகத்தின் தளத்தில் நீங்களே திறந்து கண்ணால் காணாத எதனையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மாணவி தலைப்பை மாற்றவில்லை. நான்கு கட்டுரைகளையும் ஒருங்கே வைத்து எழுதினாள். காடு காக்கும் என்றும் எழுதவில்லை, காவாது என்றும் எழுதவில்லை. இன்னின்ன அளவையால் இவர் இங்ஙனம் கூறினர், அவர் அங்ஙனம் மறுத்தனர், ஊரின் உயரமும் தொலைவும் தெரியாமல் காட்டின் பங்கைக் கூற இயலாது என்று எழுதினாள். சுருக்கம் மட்டும் படித்திருந்தால் இவ்வரியை அவள் எழுதியிருக்க முடியாது.

பிறகு என்னிடம் வந்து, “பாட்டி வீடு இருந்த தெரு கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதை எங்கே பார்க்கலாம் ஐயா?” என்று கேட்டாள். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களைச் சொன்னேன். அத்தாள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. இராமசாமி ஐயர் நூலகத்தில் உளதா என்று கேட்டு நூலகருக்கு எழுதியிருக்கிறாள். விடை வந்ததும் சிதம்பரம் செல்வதாக இருக்கிறாள். என்னையும் உடன் அழைத்திருக்கிறாள்.